இரட்டைக் கொலையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

என் பழைய புருஷன் இரட்டைக் கொலை வழக்கில் கைதான செய்தியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேசான சிரிப்பு இல்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டும் அடங்காத சிரிப்பு.

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியன்களில் தொங்குகிற நூலைக் கத்தரித்துவிடும் வேலை. டீ நேரத்தில் கட்டிங் மாஸ்டர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். கொலை, கொள்ளை என்றால் குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார். அன்றைக்கு, குண்டடம் பக்கம் தோட்டத்துக் கிணற்று மேட்டில் அண்ணன் தம்பி இருவரைச் செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று படித்தார். கைதான விவசாயியின் பேரையும் ஊரையும் படித்தவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, இது உங்க..."

"ஆமாங்க. அவரேதானுங்க."

அப்போதுதான் சிரித்தேன். உறவை அறுத்துவிட்டுப் போனவள் என்றாலும் இப்படியா சிரிப்பாள் என்று மற்றப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த மனுஷனைத் தெரியாது.

எங்கள் வீட்டில் கோழி அடிக்கிற நாளில் அவர் பக்கத்து ஊர்க் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். குழம்பு கொதிக்கும் வாசனை வந்த பிறகுதான் திரும்புவார். தேள் வந்தால் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு, "அங்க பாரு, இங்க பாரு" என்று எனக்கு வழி சொல்வார். ஒருநாள் வண்டிப்பாதையில் இருவரும் நடந்து போகும்போது ஓர் எருமை முட்ட வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். என் இரண்டு தோளையும் பிடித்து, எருமைக்கு நேராக என்னைத் திருப்பித் திருப்பி வைக்கிறார். எருமை அவரைவிட நல்லது; பார்த்துவிட்டு விலகிப் போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டார்கள். அடியில்லை, உதையில்லை, குடியில்லை; அப்புறம் எதற்கு அறுத்துவிடுகிறாய் என்று கேட்டவர்களிடம் நான் எருமையைச் சொல்லவில்லை. சொல்லிவிடாதே என்று அவர் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் வசதியான ஓர் இடத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார். நான் அம்மாவோடு திருப்பூருக்கு வந்துவிட்டேன்.

சிரித்து முடித்துக் கத்தரியை எடுத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த மனுஷன் குண்டடத்தில் இல்லை. திருப்பூரில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வாட்ச்மேன் வந்து, சொந்தக்காரர் யாரோ ஒறம்பரையாகத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார். கம்பெனி வாசலில் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு அவர் நின்றார். ஒரு கன்னம் பப்பாளிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"பல்லு புடுங்கோணும், புள்ள. தனியாப் போகப் பயமா இருக்குது."

"உங்க ஊட்டுல இருக்கறவளைக் கூட்டிட்டு வாறதுதானுங்க?"

"அவளுக்கு நான் பயப்படுவன்னு தெரியாது. உனக்குத்தான் தெரியுமே."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குறடு வாய்க்குள் போகும் முன்பே என் கையைப் பிடித்தவர், விரல் ஒடிகிற மாதிரி நெரித்தார். பல் வெளியே வந்தது. அவர் மயங்கி விழுந்தார். பெஞ்சில் படுக்கவைத்துச் சோடா தெளித்தோம். எழுந்து உட்கார்ந்தவர் துண்டில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் விழுந்தார். பொழுது சாயத்தான் பஸ் ஏறினார். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதே" என்று படியில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

பேப்பரில் செய்தி கேட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பழைய மருமகனைக் கண்டாலே ஆகாது.

"நீ வாயத் தொறக்கப்படாது. தீர்த்துட்டு வந்தவன்கூடப் பட்டப்பகல்ல கையைப் புடிச்சிட்டு இருந்தேன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுவியா? ஊரு சிரிக்கும்."

"தூக்குல போட்டுருவாங்கம்மா."

அம்மா கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"கம்பிக்குள்ளதான் நிக்கறானா?"

"ஆமா."

"அப்ப நானும் வாறேன். ஒருக்காப் பாத்துட்டு வந்தரலாம்."

மறுநாள் பெட்டியிலிருந்து பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தாராபுரம் பஸ்ஸில் ஏறினோம். பஸ் முழுக்க அந்தக் கொலையைப் பற்றித்தான் பேச்சு. என் பழைய புருஷன் அரிவாளைச் சுழற்றிக்கொண்டு வரப்பில் ஓடியதை நேரில் பார்த்த மாதிரி ஒருவர் சொன்னார். இன்னொருவர், செத்த அண்ணன் தம்பிகளின் தாயார் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறார் என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிக்க வரவில்லை. அம்மாவும் சேலை மடிப்பை நீவுவதை விட்டுவிட்டாள்.

போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த அண்ணன் தம்பியிடம் அவர் ஒரு காளை வாங்கியிருக்கிறார். ஏரில் பூட்டினால் அது படுத்துக்கொண்டது. சந்தையில் நாலு பேர் கேலி செய்ததும், "ரெண்டு பேர்த்தையும் வெட்டாம உட மாட்டேன்" என்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறார். அது அவர் பயத்தில் கத்துகிற கத்தல்; எனக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. அதோடு வீட்டில் ரத்தக் கறையோடு ஒரு துண்டு. அன்று எங்கே போனாய் என்று கேட்டால், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு எந்தக் கோயில் என்று சொல்லத் தெரியாமல் முழித்திருக்கிறார்.

ஸ்டேஷனில் நாங்கள் நுழைந்தபோது அவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. மீசையை முறுக்கிவிட்டிருந்தார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. வெளியே பெஞ்சில் அவருடைய புது மாமனார், மடியில் குழம்பு ஊற்றிய தூக்குப் போசியை வைத்துக்கொண்டு பணிவாக உட்கார்ந்திருந்தார். ஊரையே அதட்டுகிற ஆள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "மாப்ளைக்குக் கோழிக் கொழம்புங்க, சூடா இருக்கறப்பவே குடுத்தர்லாமுங்களா?" என்று ஏட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு பேரை வெட்டிய மாப்பிள்ளை என்றால் சும்மாவா?

என்னைப் பார்த்ததும் கம்பிக்குள் இருந்தவரின் மீசை தொங்கிவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். "நீங்க யாரும்மா?"

"அவருக்கு மொதல்ல வாக்கப்பட்டவளுங்க. இப்ப இல்லீங்க."

"சரி. என்ன சொல்லணும்?"

"செவ்வாக்கெழமை மத்தியானம் அவரு திருப்பூர்ல என் கையைப் புடிச்சிட்டு இருந்தாருங்க."

ஏட்டு இருமினார். மாமனாரின் மடியில் தூக்குப் போசி ஆடியது. இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கும்மா?" என்றார்.

"பல்லுப் புடுங்கறதுக்குங்க."

"பொய்யிங்க!" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து சத்தம். "அவ சொல்றதெல்லாம் பொய்யிங்க! எனக்குப் பல்லு வலியே வந்ததில்லீங்க!"

தூக்கு மேடைக்கும் மாமனாருக்கும் நடுவில் நின்றுகொண்டு, அவர் தூக்கு மேடையைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்ஸ்பெக்டர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போனார். "வாயைத் திற."

அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ரெண்டு பேரை வெட்டியதாகப் பிடித்துவைத்த ஆள், பல்லைக் காட்டமாட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புகிறார். கடைசியில் ஏட்டு தாடையைத் தொட்டதுதான், புண்ணில் பட்டு, "அய்யோ, அம்மா!" என்று வாய் தானாகவே திறந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஏட்டு பார்த்தார். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் அம்மாவும் போய் எட்டிப் பார்த்தாள். "பெரிய ஓட்டைதானுங்க" என்று சாட்சி சொன்னாள்.

"மயக்கம் போட்டாரா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"ரெண்டு தடவைங்க."

மாமனார் எழுந்தார். மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டார்.

திருப்பூருக்கு ஆள் அனுப்பிப் பல் டாக்டரை விசாரித்தார்கள். அவரும் சோடா உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் செத்தவர்களின் பங்காளி ஒருவனே பிடிபட்டான். கிணற்றுத் தண்ணீரை யார் முதலில் இறைப்பது என்பதில் பல வருஷமாக இருந்த தகராறு. அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் அந்தக் கிணற்றை யாருமே இறைக்கவில்லை, மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

என் கதை கம்பெனிக்கு எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. "அம்மிணி, எனக்கும் ஒரு பல்லு ஆடுதுங்க" என்று கட்டிங் மாஸ்டர் கையை நீட்டினார். என் கையில் கத்தரி இருப்பதைக் காட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் என் பழைய புருஷனை ஒரே ஒருமுறை பல்லடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். உயிரைக் காப்பாற்றியவள் வந்து நிற்கிறாள், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"நாலு நாளு மரியாதையா இருந்தேன். உன்னாலதான் எல்லாம் போச்சு" என்றார்.

"கழுத்து மிச்சமுங்க" என்றேன். அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஆனால் அவருடைய சம்சாரம் வந்தாள். ஒருநாள் கம்பெனி வாசலில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு, நல்ல உயரமாக, வட்ட முகமாக ஒருத்தி நின்றாள். தன்னை யார் என்று சொன்னாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். முருங்கைக்காயை என் கையில் கொடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா?"

"கேளு கண்ணு."

"இவரு வேற எதுக்கெல்லாம் பயப்படுவாருங்க?"

வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அவளை எதிர்த்த ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரெண்டு காபி சொன்னோம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள். பிறகு அவள் பங்குக்கு, எனக்கே தெரியாத ரெண்டு மூன்றைச் சொன்னாள். காபி ஆறிப்போய், இன்னும் ரெண்டு காபி சொன்னோம்.