கிடை மாறியதைச் சொல்லாமல் விட்டேன்

“...கவனிப்பு திருப்தி, ஒரு குறையும் இல்லன்னு போன மாசம் கேட்டப்பதான சொன்னிய அண்ணாச்சி? இப்ப பத்து நாளா மாத்திரையே போடலங்கிய!” என்றார் காசநோய்ப் பிரிவு நர்சம்மா.

எனக்கு நிற்கவே தெம்பில்லை. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு, ஊர் ஊராகப் போவதுதான் என் பிழைப்பு. கிடையைச் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ராயகிரிக்கு மாற்றிய பிறகு மாத்திரை தீர்ந்துபோனது. ஆடுகளை விட்டுவிட்டு வர முடியவில்லை; இருமலில் மறுபடி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஓடிவந்தேன்.

“குறை சொன்னா ஒங்களுக்கு மேலிடத்துல திட்டு விழுமோன்னு நெனச்சேம்மா. நாங்க ஒரே ஊர்ல இருக்க ஆளா? மாத்திரைக்கு இங்கயே வரணும்னா எப்படிம்மா?” என்றேன்.

இப்போதெல்லாம் கிடை மாறும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று நர்சம்மா என் சிகிச்சை அட்டையிலிருந்த பழைய முகவரியைக் கோடு போட்டு அடித்தார். “அடுத்த கிடை எந்த ஊர்ல?” என்று கேட்டு, அந்த ஊர் நர்சுக்கு அப்போதே போன் போட்டார்.