நாய் குறுக்கே வரவில்லை

ஊரார் முன்னால் என் புருஷனை ‘அவங்க’ என்றுதான் சொல்லிவந்தேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன். அந்த மரியாதையைச் சுமக்க என் வலது கையில் இப்போது பலம் இல்லை.

எங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மலையாள ஊரில் பிழைக்கிற தமிழர்கள் நாங்கள். ஆரியசாலையில் அவனுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் மொத்தக் கடை. மாடியில் வீடு. அவன் அம்மாவும் எங்களோடுதான். மலையாளம் எங்களுக்குக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போலீசுக்கும் உள்ள பாஷை. சண்டை முழுக்கத் தமிழில். அவன் ஸ்டீல் டம்ளரை எறிவான், நான் குக்கர் மூடியை எறிவேன். அவன் அறைவான், நான் பிறாண்டுவேன். சும்மா வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் நான் இல்லை. எவ்வளவு கத்தினாலும் அக்கம்பக்கத்தில் ஒரு ஜன்னல் திறக்காது. மலையாளிகளுக்கு நாங்கள் பாண்டிக்காரர்கள். பாண்டிக்காரர்கள் வீட்டுச் சத்தம், அது அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். தெருவில் போகிறவர்களுக்கு எங்கள் தமிழும் கடைச் சாமான் இறக்குகிற சத்தமும் ஒன்றுதான்.

வித்துராவில் அவன் தங்கை வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். பைக்கில் போனோம். பந்தியில் அவன் தங்கை புருஷனிடம், கார் வாங்கப் போவதாகப் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். நான் எதிர் வரிசையில் இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. “முதல்ல லைசன்ஸ் வாங்கட்டும். டெஸ்ட்ல கம்பிக்கு நடுவுல காரைப் பின்னாலெ எடுத்து எச் போடச் சொன்னா, கம்பியை எல்லாம் சாய்ச்சுட்டு வந்தாங்க” என்றேன். இலை முன்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். அவனும் சிரித்தான். வீட்டில் டம்ளர் பறப்பதற்கு முன்னால் வருகிற சிரிப்பு அது.

திரும்பும்போது வித்துரா சந்தை தாண்டி, ரப்பர் தோட்டம் வந்ததும் ஆரம்பித்தான். என் அப்பனையும் ஆத்தாளையும் இழுத்தான், என் தையல் கடைக்கு வருகிற ஆண்களையெல்லாம் இழுத்தான். நானும் விடவில்லை. காற்றில் பாதி அவனுக்குக் கேட்டிருக்காது, அதனால் காதுக்குள்ளேயே கத்தினேன். வண்டியின் வேகம் ஏறிக்கொண்டே போனது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்காமல் அதன் மூக்கை உரசிக்கொண்டு போனான். மெதுவாகப் போகச் சொல்லி முதுகில் ஓங்கிக் குத்தினேன்.

அப்போது தலையைத் திருப்பாமல் சொன்னான். “இப்பப் பாக்கியாட்டி, எனக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதான்னு.”

முன்னால் வளைவு. வளைவில் கலுங்கு என்கிற சின்னப் பாலம், அதற்குக் கருங்கல் கைப்பிடிச் சுவர். நான் எட்டு வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். வளைவுக்கு முன்னால் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை முறுக்கி அவன் மணிக்கட்டு கீழ்நோக்கித் திரும்பியது, முழுக்க. பிரேக் பக்கம் ஒரு விரல் போகவில்லை.

சுவரில் வண்டி மோதிய சத்தம் எனக்கு நினைவில்லை. என் கை முறிந்த சத்தம் நினைவிருக்கிறது. வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் முழங்கைக்குக் கீழே கை மாட்டிக்கொண்டது. எலும்பு பட்டுப்புடவையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. என் கையை நான் பார்த்தேன், அது இன்னொருத்தர் கை என்றுதான் முதலில் நினைத்தேன். வாய் நிறைய ரத்தமும் மண்ணும். அவனுக்கு முழங்கால் தோல் உரிந்திருந்தது. எழுந்து வந்தவன் முதலில் வண்டியைத்தான் நிமிர்த்தினான். நிமிர்த்தும்போது கை இன்னும் நசுங்கியது. அதற்குப் பிறகுதான் கத்தினேன். யாரோ ஒரு ஜீப்காரர் நிறுத்தி, என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

மயக்கம் தெளிந்தபோது கையில் தகடும் ஸ்க்ரூவும் இருந்தன. வார்டில் ஒரு கதையும் தயாராக இருந்தது: குறுக்கே நாய் வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் நாயின் நிறம்வரை சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு என் பக்கம் குனிந்தான். “நீ முதுகுல அடிச்சேல்ல, அதுலதான் வண்டி ஆடிச்சு. உன் கையை நீயே முறிச்சுக்கிட்டெ.” கை நன்றாக இருந்திருந்தால் சலைன் கம்பியைப் பிடுங்கி அவன் மண்டையில் போட்டிருப்பேன். காலால் உதைத்தேன். கட்டிலில் கட்டிப்போட்டிருந்த கை இழுத்து, வலியில் கண் இருட்டியது.

இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நரம்பு தழும்பில் சிக்கிக்கொண்டிருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் செய்து விடுவித்துப் பயிற்சியும் கொடுத்தால் கத்தரி பிடிக்கலாம் என்றார் டாக்டர். சீக்கிரம் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு பிரயோஜனம் இல்லை. பழவங்காடியில் என் தையல் கடையில் பிளவுஸ் வெட்டுவது நான்தான். வெட்டுகிற கை போனால் கடை போனது, கடை போனால் நான் அவன் சோற்றுக்குக் கையேந்த வேண்டியதுதான். ஆபரேஷனுக்கு எங்கே போவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துக் கடைக்காரர் வக்கீல் யோசனையைச் சொன்னார். பின்னால் உட்கார்ந்து போனவருக்கு அடிபட்டால் வண்டியின் இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்கலாம். வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல், நாய். நாய் வந்தால் ஓட்டினவன்மேல் தப்பில்லை, தப்பில்லையென்றால் கிளெய்ம் இல்லை. அதனால் நாய் போய்விட்டது. வாக்குமூலம் எடுக்க வந்த போலீஸிடம், வேகமாக ஓட்டிவிட்டேன் சார், வளைவைக் கவனிக்கவில்லை என்று அவனே மலையாளத்தில் ஒப்புக்கொண்டான். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடுவானாம். பந்தியில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக என்னைக் கொண்டுபோய்க் கல்லில் அடித்தவன், இப்போது தனக்கு ஓட்டத் தெரியாது என்று ஊரெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவனே என் பேர்ல கேஸ் போடுன்னு சொல்லுதான். இதைவிட ஒரு புருசன் என்ன செய்வான்?” என்றாள் அத்தை, எனக்குக் கஞ்சியை ஊட்டிக்கொண்டே.

“வேணும்னே மோதினாங்க அத்தை. நான் பார்த்தேன்.”

கரண்டி நின்றது. அவளுக்குத் தன் மகனைத் தெரியும். “அது உனக்கும் அவனுக்கும் உள்ளது. இன்சூரன்ஸ்காரன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? கையைப் பாரு முதல்ல” என்று கரண்டியை மறுபடி வாயில் திணித்தாள். அவள் சொன்னதும் சரிதான் என்று அன்று நினைத்தேன். கை வேண்டும். கைக்காக எந்தப் பொய்யையும் சொல்லலாம் என்று இருந்தேன்.

வக்கீல் ஆபீஸ் வஞ்சியூரில், கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில். மலையாளி. நாங்கள் தமிழ் என்றதும் அவருக்குத் தெரிந்த தமிழில் பேச ஆரம்பித்தார். அவர் கேட்டதற்கெல்லாம் இவன்தான் பதில் சொன்னான். என் வயது, என் கடை, என் வலி எல்லாவற்றையும் இவனே சொன்னான். வக்காலத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறிபோட்டு என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன்.

“ஒரு மினிட். சேச்சி பறயட்டும். நாளைக்குக் கூட்டில ஏறி நிற்கேண்டது சேச்சியாணு” என்றார் வக்கீல். நானே சொல்ல வேண்டுமாம், நாளைக்குக் கூண்டில் ஏறி நிற்கப்போவது நான்தானாம். “வளைவு வந்தப்போ இவர் என்ன செஞ்சார்?”

இவன் என் பக்கம் திரும்பி, குழந்தைக்குப் பாடம் எடுத்துக் கொடுப்பதுபோல மெதுவாகச் சொன்னான். “சொல்லு. ஓட்டத் தெரியாமெ மோதிட்டாங்கன்னு சொல்லு.” சொல்லிவிட்டுச் சிரித்தான். பந்தியில் சிரித்த அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பேனாவைக் கீழே வைத்தேன். மலையாளத்தில் சொன்னேன். கல்யாணப் பந்தி, எச் டெஸ்ட், பஸ், நான் குத்தியது, அவன் சொன்னது, மணிக்கட்டு திரும்பியது, எல்லாம். பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல மலையாளம். அந்தப் பாஷையில் எங்கள் வீட்டுச் சங்கதியை நான் அதுவரை ஒருதரமும் சொன்னதில்லை. தமிழில் சொல்லும்போது அது சண்டையாக இருந்தது. மலையாளத்தில் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே பயமாக இருந்தது. இப்படி ஒரு காரியம் வேறு வீட்டில் நடந்திருந்தால் நானே போலீசுக்குப் போன் செய்திருப்பேன்.

“வாயை மூடுட்டி, பல்லைத் தட்டிருவேன்” என்றான், தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. வக்கீலுக்குத் தமிழ் தெரியும் என்பதை மறந்துவிட்டான்.

வக்கீல் எழுதின தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னிடம் மட்டும் பேசினார். “சேச்சி, இப்போ சொன்னதைக் கோர்ட்டில சொன்னா இது ஆக்சிடென்ட் அல்ல. கிளெய்ம் போகும். கவனிக்காம ஓட்டினார்னு சொன்னா காசு வரும், ஆபரேஷன் நடக்கும். வேணும்னே மோதினார்னா அது வேற கேஸ். அதில கைக்கு ஒண்ணும் வராது. இவர் ஜெயிலுக்குப் போனாலும் போவார். ரெண்டும் சேர்த்துச் சொல்ல முடியாது. நல்லா ஆலோசிச்சிட்டு வாங்க. உங்களை யாரும் தள்ளிக் கொண்டுவர வேண்டாம்” என்றார், கடைசி வார்த்தையை இவனைப் பார்த்து.

படியில் இறங்கும்போது என் நல்ல கையைப் பிடித்து முறுக்கினான். அதையும் முறித்துவிடுவானோ என்று நினைத்தேன். கீழே தெரு நிறையக் கறுப்புக் கோட்டுகள், டீக்கடை, கேஸ் கூப்பிடக் காத்திருக்கிற ஜனங்கள். அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். அதே பைக். முன்பக்கம் மட்டும் புதிதாக மாற்றியிருந்தான்.

“ஏறு.”

நான் நின்றேன்.

“ஏறுட்டி. வீட்டுக்கு வா, பாத்துக்கிடுதேன். இன்னொரு கையும் எதுக்கு உனக்கு?” என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஞான் ஈ வண்டியில் கேறில்ல” என்றேன், அவனைவிட உரக்க, இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று மலையாளத்தில். இந்த ஆள் என்னைக் கொல்லத்தான் அன்றைக்கு வண்டியை மோதினான், இப்போது இன்னொரு கையையும் முறிப்பேன் என்கிறான் என்று அதே பாஷையில் சொன்னேன். தெரு அடங்கியது. டீ ஆற்றுகிற கை நடுவில் நின்றது. கறுப்புக் கோட்டில் இருந்த ஒரு பெண் எங்களை நோக்கி நடந்துவர ஆரம்பித்தாள். அவன் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான். வண்டி அவனுக்குக் கீழே அணைந்துபோனது. திரும்பக் கிளப்பத் தெரியாமல் உதைத்து உதைத்துப் பார்த்தான்.

நான் படியேறினேன். சந்தோஷத்தோடா பயத்தோடா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மடங்காத இரண்டு விரல்களைப் பார்த்தேன். இனி அவை மடங்காது. கத்தரி பிடிக்கப்போவது இல்லை. வக்கீல் பழைய தாளை மேஜையிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

“அந்த வேற கேஸ்” என்றேன்.

இன்னொரு வக்காலத்தை எடுத்து வைத்தார். பேனாவை இடது கையில் பிடித்தேன். எழுத்து கோணிக்கொண்டு ஓடியது. இடது கையால் போட்ட கையெழுத்து கோர்ட்டில் செல்லுமா என்று கேட்டேன்.

செல்லும் என்றார்.