அருளண்ணனின் நான்கு கம்பிகள்

போன சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, பெங்களூரு சிவாஜிநகரில் நயாஸ் பாயின் கிடார்க் கடையில், ஒரு பழைய பேஸ் கிடாரின் நான்கு கம்பிகளையும் வெட்டச் சொன்னேன். கடைசிக் கம்பி 'டொங்' என்று அறுந்தபோது கபாப் வாசனை அடித்தது. கிடாரிலிருந்துதான் வந்தது என்று சொல்ல ஆசை. ஆனால் எதிர்க்கடையில் கோழி பொரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

கிடார் அருளண்ணனுடையது. ஆஸ்டின் டவுனில் நாங்கள் நான்கு பேர் ஒரு குழு வைத்திருந்தோம். ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டு. மாலை அதே கையோடு கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு. நான் கீபோர்ட். வாசிப்பு சுமார்தான், எழுதி வைப்பதில் கெட்டி. எந்தத் தேதியில் யார் வீட்டுக் கல்யாணம், எந்தப் பாட்டில் கரண்ட் போனது, யார் தாமதம் (பெரும்பாலும் அருளண்ணன்) எல்லாம் என் டைரியில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு அவர் காகிதத்தில் கபாப் கட்டிக்கொண்டு வருவார். தின்றபின் நாங்கள் மூவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். அவர் பேண்டில் இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு வாசிக்க உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணே, கம்பியெல்லாம் எண்ணெயாகுது."

"ஆவட்டும் விடு குரு. நீ உன் டைரியத் தொடச்சு வை." எல்லோரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

அவருடைய கிடாரை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டதில்லை. என் தப்புக்கு அதுதான் வேர்.

பேஸ் கம்பியில் இரண்டு வகை உண்டு. ரவுண்ட் என்றால் மேலே உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும்; நகம் பட்டால் சொரசொரக்கும், சத்தம் பளீரென்று வரும். ஃப்ளாட் என்றால் பட்டைக் கம்பி. வழவழப்பு, மெல்லிய குரல். துபாயிலிருந்து அவர் மச்சான் ஒவ்வொன்றிலும் ஒரு செட் கொண்டுவந்தார். "ஒண்ண மாட்டிட்டேன்" என்றார் அண்ணன். எதை என்று நான் கேட்கவில்லை. டைரியில் அந்த இடம் காலியாகவே கிடந்து என்னை உறுத்தியது. சில வருடங்கள் கழித்து ஒரு ஞாயிறு, பக்கத்து அறையில் யாரோ வெறுங்காலோடு நடப்பதுபோல் அவ்வளவு மெத்தென்று அவர் வாசித்ததைக் கேட்டு, 'ஃப்ளாட்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கடைசிவரை அவர் கம்பி மாற்றவே இல்லை.

அவர் இறந்து ஒரு வருடம். மகள் ஜெனிட்டாவுக்குத் தொம்மலூரில் ஐ.டி. வேலை. ஆபீஸ் இசைக்குழுவிலும் பேஸ் வாசிக்கிறாள், சர்ச்சிலும் வாசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நினைவுத் திருப்பலிக்கு அப்பாவின் கிடாரை வாசிக்க ஆசைப்பட்டாள். ஒரு கம்பி நுனியில் பிரிந்திருந்தது.

"அங்கிள், ரெண்டு எடத்துக்கும் ஆவற மாதிரி ஒரே செட்டா பாத்துப் போடுங்க. ஆனா அப்பா சவுண்ட் மட்டும் போயிடக் கூடாது."

அந்தப் பொறுப்போடுதான் போனேன். டைரியையும் எடுத்துப் போனேன்.

"பாய், இதே மாதிரி ஃப்ளாட் போடுங்க."

"ஸ்வல்ப இருங்க சார், பாத்துட்டு வெட்டறேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? எழுதியே வெச்சிருக்கேன். வெட்டுங்க."

வெட்டினார். துண்டை எடுத்து, விரலே படாத வால்பக்கத்தில் நகத்தை இழுத்தார். 'கர்ர்ர்' என்றது.

"அரே! இது ரவுண்ட் சார். வாசிச்சு வாசிச்சு, எண்ணெ ஏறி, தேஞ்சு வழவழன்னு ஆயிருக்கு."

நான் ஃப்ளாட் என்று நினைத்தது அருளண்ணனின் விரல். எந்தக் கடையிலும் கிடைக்காததை நானே நின்று வெட்டவைத்திருக்கிறேன்.

"ஒட்ட முடியாதா பாய்?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"ஒட்டறதுக்கு இது போஸ்டரா சார்?"

ஜெனிட்டாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"மாட்டின புதுசுல எப்படிக் கேட்டுச்சு அங்கிள்?"

"இப்பதான் ஞாபகம் வருது. தட்டுல ஸ்பூன் விழுந்த மாதிரி."

"அப்ப ரவுண்டே போடுங்க. அப்பாவும் அந்தப் புதுச் சத்தத்துலேருந்துதானே ஆரம்பிச்சாரு."

மறுநாள் நன்றாகத்தான் வாசித்தாள். முதல் சுரம் பளீரென்று எழுந்ததும், முன்வரிசையில் இருந்த அவள் அம்மா சட்டென்று நிமிர்ந்து கிடாரைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

வெட்டிய துண்டுகளை உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அவற்றைத் தட்டினால் ஒன்றும் வராது. எங்கள் குழு வாசித்த ஒரு கேசட்கூட யாரிடமும் இல்லை. அத்தனை வருடச் சத்தத்துக்கு மிஞ்சியிருப்பது என் டைரியில் ஒரே ஒரு சொல், அடிக்கோட்டோடு. அதுவும் தப்பு.