மனப்பாடமான பலகை

அந்தக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினாறு வருஷமாகச் சாணைக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் சாணையக்கா. முன்னறையில் கண்ணைப் பரிசோதித்துச் சீட்டு எழுதுவார்கள். வட்டமான வெறும் லென்ஸும் பிரேமும் சீட்டோடு ஒரு தட்டில் பின்னறைக்கு வரும். லென்ஸைத் தண்ணீர் சொட்டும் கல்லில் சுற்றிச் சுற்றி உரசி, பிரேமின் குழிக்கு ஏற்ப விளிம்பை வடிவாக்கி, பிரேமைச் சூடு காட்டி இளக்கி, ஒரே அமுக்கில் உள்ளே உட்கார வைப்பாள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காதுக்குச் சரியாகப் படாவிட்டால் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் மாட்டிக் கொடுத்த கண்ணாடி கழன்று விழுந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

சீட்டைப் பார்க்காமலே லென்ஸின் ஓரத்தை விரலால் தடவி, “இது மைனஸ் நாலு, மிஞ்சினா நாலேகால்” என்பாள். கிட்டப்பார்வைக்கான லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். பவர் ஏற ஏற ஓரம் தடிக்கும். அவள் விரலுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தட்டில் வந்ததெல்லாம் பெரியவர்களின் பிரேம்கள். ஊசியில் நூல் கோக்க முடியாதவர்கள், பேப்பரைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பவர்கள். சின்னப் பிரேம் மாசத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். பிறகு சின்னப் பிரேம்களுக்கென்று ஒரு இழுப்பறை ஒதுக்கினார்கள். பிறகு ஒரு அலமாரி. இப்போது காலையில் பத்துத் தட்டு வந்தால் நாலில் சின்னப் பிரேம் இருந்தது. ஓடினால் விழாமலிருக்கத் தலைக்குப் பின்னால் ரப்பர் பட்டை வைத்த பிரேம்களும் வந்தன. ஒருநாள் வந்த சீட்டைப் பார்த்ததும் அவள் கல்லை நிறுத்திவிட்டு முன்னறைக்கே போய்விட்டாள்.

“தம்பி, வயசைத் தப்பா எழுதிட்டீங்க போல. நாலா, நாப்பதா?”

பரிசோதகர் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “நாலுதான் அக்கா. மைனஸ் அஞ்சும் சரிதான். சாப்பிட, தூங்க, அழுகையை நிறுத்த, எல்லாத்துக்கும் போனுதானாம். தானே பாட்டு மாத்திப்பான்னு பெருமையா வேற சொல்லிட்டுப் போறாங்க.”

“நாலு வயசுக்கா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டு பின்னறைக்குத் திரும்பினாள். ஆனால் ஊரார் பிள்ளைக்குப் பதறிய மனசு, தன் பிள்ளைக்கென்று ஒரு சாக்கைத் தயாராக வைத்திருந்தது.

அவளுக்கு ஒரே மகள். எட்டு வயசு. ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்பிப்பதால் மைனா என்று பட்டப்பெயர். அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் இரண்டு மாசம்தான் வீட்டில் இருப்பார். மகள் அப்பாவின் முகத்தை மறந்துவிடக் கூடாதே என்றுதான் அவளுடைய மூன்றாவது வயசில் ஒரு போனை வாங்கினார்கள். அப்பாவைப் பார்க்க வாங்கிய போன், அப்பா கூப்பிடாத நேரத்திலும் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பள்ளி விட்டதும் மைனா கடைக்கு வருவாள். முன்னறை பெஞ்சின் மூலையில் கால்களைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அம்மா வேலை முடித்துத் தோளைத் தொடும்வரை தலை நிமிராது. நீல வெளிச்சம் முகத்தில் விழுந்தபடியே இருக்கும். “பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும், இருக்கிற இடமே தெரியலை” என்று வாடிக்கையாளர்கள் மெச்சுவார்கள். சாணையக்காவுக்கும் அது காதில் தேனாகத்தான் விழுந்தது.

அவள் ஒன்றும் அசட்டையான தாய் இல்லை. மாசம் பிறந்தால் முதல் வேலையாக மகளைப் பரிசோதனைப் பலகையின் முன் நிறுத்துவாள். வெளிச்சம் வைத்த வெள்ளைப் பலகை. உச்சியில் பெரிதாக ஒரு ‘ட’, அடுத்த வரியில் ‘ப’, ‘ர’, இப்படியே சிறுத்துக்கொண்டு வந்து கடைசி வரி எறும்புச்சாரை போல இருக்கும். தரையில் போட்ட மஞ்சள் கோட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மைனா மேலிருந்து கீழ்வரை தடங்கலில்லாமல் வாசிப்பாள். பிறகு மற்றக் கண்.

“கடைசி வரிக்குக் கீழ அச்சாபீஸ் பேரு இருக்கே, அதையும் வாசிச்சிடுவா போல” என்று பரிசோதகர் சிரிப்பார்.

அன்றைக்கு முழுக்க அவள் கல் லேசாகச் சுற்றும்.

இடையிடையே சில காரியங்கள் நடந்தன. பள்ளி வாசலுக்கு எதிரே நின்று அவள் கையசைத்தால், மைனா அவளை நேராகப் பார்த்தபடி, யாரோ ஒரு தூணைப் பார்ப்பது போல நின்றுகொண்டிருப்பாள். பக்கத்தில் போய்க் கூப்பிட்டதும்தான் முகம் மலரும். “பெரிய மனுஷி ஆயிட்டா, அம்மாவைத் தெரியலை” என்று அவள் கேலி செய்தாள். பந்து விளையாட்டில் எல்லோரும் கத்தும்போது மைனா மட்டும் கைகளை முகத்துக்கு முன் வைத்துக்கொண்டு நின்றாள். அடிக்கடி தலைவலி என்றாள். ஒருமுறை வகுப்பு டீச்சர் கூப்பிட்டு, “பக்கத்துப் பொண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதறா, கொஞ்சம் கண்டிச்சு வைங்க” என்றார். சாணையக்கா வீட்டுக்கு வந்து மகள் முதுகில் இரண்டு வைத்தாள். மைனா அழுதாள். ஆனால் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லவில்லை.

நாலாம் வகுப்பு தொடங்கி இரண்டாவது மாசம். ஒரு விடுமுறை நாளின் மத்தியானம். கடையில் கூட்டமில்லை. பழைய பலகை மஞ்சளடித்துப் போனதென்று அன்று காலையில்தான் பரிசோதகர் புதியதை மாட்டியிருந்தார். சாணையக்கா பின்னறையிலேயே இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. கை துடைத்துக்கொண்டு வந்தவள், “மைனா, வா, மாசப் பரீட்சை” என்றாள்.

மைனா கோட்டில் நின்றாள். இடக்கண்ணை மூடினாள்.

“ட. ப, ர. ம, க, ல...”

வழக்கம்போல ஒரே தாளம், ஒரே வேகம். சாணையக்கா மகளின் வாயைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். கணக்கு எழுதிக்கொண்டிருந்த பரிசோதகரின் கை நின்றது.

“அக்கா” என்றார். குரல் மாறியிருந்தது. “பலகையைப் பாருங்க.”

உச்சியில் இருந்தது ‘ழ’. அதன் கீழ் ‘ச’, ‘ன’. மைனா சொன்ன எழுத்துகளில் ஒன்றுகூட அந்தப் பலகையில் இல்லை. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். பலகையை நேராகப் பார்த்தபடி, முகத்தில் சின்னச் சந்தேகமும் இல்லாமல், இல்லாத எழுத்துகளை வரிசையாக வாசித்தாள். கடைசி வரியை முடித்துவிட்டுக் கையை மாற்றி வலக்கண்ணை மூடினாள். “ட. ப, ர...”

 சாணையக்கா சுவரோரம் போய் நின்று கையை உயர்த்தினாள்.

“மைனா, இது எத்தனை விரல்?”

மைனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“நான் எங்க நிக்கிறேன், சொல்லு.”

“அங்க” என்றாள் மைனா, குரல் வந்த திசையைப் பார்த்து.

கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் பலகையை வாசிப்பதை, பெஞ்சில் உட்கார்ந்தபடி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. அவர்கள் தப்பாகச் சொல்வதும் பரிசோதகர் திருத்துவதும் அவள் காதில் விழுந்தபடியே இருந்தன. அவளுக்குத் தனியாகப் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

“எப்பலேர்ந்துடி உனக்குத் தெரியலை?”

“ரெண்டாம் கிளாஸ்லேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

மைனா உதட்டைக் கடித்தாள். “சொன்னா நீ போனை எடுத்துப்பே. அப்புறம் அப்பா எங்க வருவாரு?”

அன்றே பார்த்தார்கள். வலக்கண் மைனஸ் ஐந்தரை. இடக்கண் மைனஸ் ஏழு. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். கண் உருண்டை நீண்டுவிட்டது. நீண்டது இனிச் சுருங்காது. கண்ணின் பின்புறத்து விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்திருக்கிறது.

“போனாலதானா டாக்டர்?”

“அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்மா. பரம்பரையும் இருக்கலாம். ஆனா மணிக்கணக்கா கண்ணுக்குக் கிட்டயே வச்சுப் பார்த்துக்கிட்டு, பகல் வெளிச்சத்துக்கே போகாம இருந்தா, இருக்கிற கோளாறு வேகமா ஏறும். இனிமே ஏறாம மெதுவாக்கத்தான் பார்க்கணும். திரும்பி வராது.”

மகளின் லென்ஸை அவளேதான் உரசினாள். விரல் அதன் ஓரத்தைத் தடவியபோது, அந்த நாலு வயசுப் பையனின் லென்ஸைவிடத் தடித்திருந்தது. கண்ணாடியை மாட்டியதும் மைனா கடை வாசலில் நின்று தெருவை ஒரு முழு நிமிஷம் பார்த்தாள்.

“அம்மா, எதிர்க்கடையில ஒருத்தர் உக்காந்திருக்காரு.”

“அவர் எப்பவும் அங்கதாண்டி இருப்பாரு.”

“எப்பவுமா?” என்றாள் மைனா.

அம்மாவால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த வாரம் கணவர் கூப்பிட்டபோது சண்டைதான் நடந்தது. “போனை ஒரேயடியாப் புடுங்கிட்டா என் பொண்ணுக்கு நான் யாரோதானே?” என்றார் அவர். “உங்க முகத்தைப் பார்க்கக் கண்ணு வேணாமா?” என்றாள் இவள்.  பிறகு அவரே, வாரத்துக்கு ஒருநாள் போதும், போனை எட்ட இருக்கிற அலமாரியில் வை, நான் சத்தமாப் பேசறேன் என்றார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஒரு சாயங்காலம் மகளுக்குத் தலை வாரும்போது வேறொன்று உறைத்தது.

“பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் கண்ணு பார்ப்பாங்களே, அங்க எப்படிடி சமாளிச்சே?”

“அங்கயும் உங்க கடையில முன்ன இருந்த பலகைதான்மா. அதே எழுத்து.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்” என்றாள். “பாட்டு மாதிரி.”

“எல்லாருக்கும்னா?”

“கேட்டவங்களுக்கு எல்லாம்.”

சீப்பு கையிலேயே நின்றது.

மறுவாரம் பரிசோதகரையும் புதுப் பலகையையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வகுப்பு டீச்சர் முதலில் மறுத்தார். “எங்க கிளாஸ்ல ஒருத்தருக்கும் குறையில்லைன்னு போன மாசம்தானே எழுதிக் குடுத்தாங்க?” தாழ்வாரத்தில் பலகையை மாட்டினார்கள். முதல் ஆறு பிள்ளைகள் ‘ழ’ என்று தொடங்கிச் சரியாக வாசித்தார்கள். ஏழாவதாக வந்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். பரிசோதகர் எழுத்தைக் காட்டும் குச்சியை இன்னும் உயர்த்தவேயில்லை.

“ட. ப, ர. ம, க, ல.”

டீச்சர் பலகையைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார். முப்பத்தொரு பிள்ளைகளில் ஒன்பது பேர் அப்படி ஒப்பித்தார்கள். ஒன்பது பேரும் ஒரே தாளத்தில். அது மைனாவின் தாளம். ஒரு சிறுமி முடித்துவிட்டு, “சரியா சொன்னேனா டீச்சர்?” என்று வேறு கேட்டாள். அவளுக்கு மைனஸ் எட்டு.

அடுத்த பத்து நாள் சாணையக்கா கல்லைவிட்டு எழவில்லை. தயாரான கண்ணாடிகளை மாட்டிவிடப் பள்ளிக்குப் போனவள் மாடிப்படித் திருப்பத்தில் அப்படியே நின்றாள். கீழ்ப்படிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கைதட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்து.

“ழ. ச, ன...”

அதற்குப் பிறகு பரிசோதகர் பலகையையே கழற்றி வைத்துவிட்டார். ஓர் எழுத்துக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கலைத்துப்போட்டுக் காட்டுகிறார்.

சாணையக்கா முதலாளியிடம் பேசி, விடியற்காலையே வேலைக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்புகிறாள். மகளை அழைத்துக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் வெயில் சாயும்வரை இருக்கிறாள். முதல் மாசம் மைனா தரையில் உட்கார்ந்து விரல்களை வெறுமனே தேய்த்துக்கொண்டிருந்தாள், திரையைத் தள்ளுவது போல. இரண்டாவது மாசம் எழுந்து நடந்தாள். இப்போது ஓடுகிறாள். தலைவலி குறைந்திருக்கிறது. பந்தை மட்டும் இன்னும் பிடிப்பதில்லை.

ஆறு மாசம் கழித்து டாக்டர் மறுபடி பார்த்தார். வலக்கண் அப்படியே நின்றிருந்தது. இடக்கண் இன்னும் அரை ஏறியிருந்தது.

“நின்னுடும்ல டாக்டர்?”

“இன்னும் வளர்ற வயசுதானேம்மா” என்றார் அவர், சீட்டில் தேதி எழுதியபடி. “நாலு மாசம் கழிச்சு வாங்க.”

வெளியே வந்ததும் மைனா, “எவ்வளவு ஏறிருக்கும்மா?” என்று கேட்டாள். சாணையக்கா மறைக்காமல் சொன்னாள். மைனா தலையாட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தம்வரை நடக்கும்போது, பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக, இடக்கண்ணால் மட்டும், எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். சில சரியாக இருந்தன.