வக்கீலோடு வந்த மாணவர்

காவலர் பயிற்சிப் பள்ளியில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றதும், பாளையங்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரிக்கு முதல்வர் ஆனேன். முதல் நாள் காலையில் பைக்கை நிறுத்தியபோது வளாகத்தில் யாரும் எழுந்து நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பொட்டலம் பிரித்து தோசை தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அட்மிஷனா அண்ணாச்சி? ஆபீசு அங்கன இருக்கு" என்று சட்னிக் கையாலேயே வழி காட்டினார். நான்தான் புது முதல்வர் என்றேன். "அப்படியா, வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசைக்குப் போனார்.

அந்தக் கல்லூரியில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எந்த வயதிலும் வந்து சேரலாம். ஏசி மெக்கானிக், நோயாளி பராமரிப்பு, தையல், கணினி என்று ஒரு வருடத்தில் ஒரு தொழில் கற்றுக்கொண்டு போகலாம். தோசைக்காரர் ஏசி மெக்கானிக் பிரிவு. அதுவரை டவுணில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். முதல் வாரத்திலேயே என் அறைக்கு வந்து, தான் ஏன் இங்கே இருக்கிறார் என்பதை விளக்கினார்.

"முதுகு போச்சு சார். இன்னும் ஒரு வருஷம் தூக்கினா படுத்திருவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள மூட்டைய விட்டுட்டு ஸ்பேனரைப் பிடிச்சாகணும்."

என்னை வேலைக்கு எடுத்தவர் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் செயலர். டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். என் சான்றிதழ்களை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம ஆளுக எல்லாம் ஒரு தடவை படிப்பை விட்டு ஓடினவங்கவே. ரெண்டாந்தடவையும் ஓடத்தான் பாப்பாங்க. நீரு ஓடினவனைத் திருப்பிக் கொண்டாரதுல கெட்டிக்காரர்னு சொல்லுதாங்க. எனக்கு அது போதும்" என்றார்.

அவருக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பயிற்சிக்கு வரும் புதுக் காவலர்களில் சிலர் முதல் மாதத்திலேயே ஓடிவிடுவார்கள். கவாத்து மைதானத்து வெயில், ஒட்ட வெட்டிய தலை, அம்மா கையால் சாப்பிட்ட மீன் குழம்பின் நினைப்பு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். காலை அணிவகுப்பில் ஆள் இல்லை என்றால் சாயங்காலத்துக்குள் நாங்கள் அவர் வீட்டில் இருப்போம். முன்வாசலில் நான் நிற்பேன், பின்வாசலை ஒரு தலைமைக் காவலர் பார்த்துக்கொள்வார். அப்பாவிடம் பேச மாட்டேன், அம்மாவிடம்தான் பேசுவேன். மறுநாள் அணிவகுப்பில் ஆள் நிற்பார். இதில் நான் தோற்றது மிகக் குறைவு.

கல்லூரியில் என் முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. தையல் பிரிவுப் பெண்கள் டவுண் பஸ் வந்த பிறகுதான் வருவார்கள் என்றும், பஸ்ஸை அணிவகுக்க வைக்க முடியாது என்றும் அலுவலகத்தில் இருக்கும் அக்கா எனக்குப் புரியவைத்தார். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து கணக்கு, சேர்க்கை, குடிதண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. அவரைவிட நான் வயதில் மூத்தவன், ஆனாலும் எல்லோரையும் போல நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

வருடக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஏசி பராமரிக்கும் ஒரு கம்பெனி, வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறைக்கே வந்து ஆள் எடுக்கப் போகிறது. எழுத்துத் தேர்வு கிடையாது. அவர்களுடைய இன்ஜினீயர் முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். அன்றைக்கு வராதவருக்கு அடுத்த வருடம்தான் வாய்ப்பு.

தோசைக்காரர் அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. கம்பெனி வரும் செய்தி அவருக்குத் தெரியவே தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் நானே டவுணுக்குக் கிளம்பினேன்.

அவர் வீடு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சத்தம் கேட்கக் கூடாது என்று புல்லட்டை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். கதவுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்று தட்டினேன். இரண்டையும் நான் யோசித்துச் செய்யவில்லை. அவருடைய மனைவி பீடி சுற்றும் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார். கணவர் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒட்ட வெட்டிய தலைமுடியைப் பார்த்தார். கடைசியில் பார்வை என் பிரவுன் ஷூவில் வந்து நின்றது.

"அவிய ஊர்ல இல்ல."

"எங்க போயிருக்கார்?"

"தெரியாது."

"எப்ப வருவார்?"

"தெரியாது."

"போன்?"

"உடைஞ்சு போச்சு."

உள்ளே பின்கதவு திறந்திருந்தது. என் கண் அங்கே போனதை அவரும் கவனித்தார். பக்கத்து வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே, "அவன் வீட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டான் சார்" என்றார். அவர் தலைக்கு மேலே கொடியில் எங்கள் கல்லூரியின் நீலப் பட்டறைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. வந்து என்னை ஒரு எட்டு பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் சர்வீஸில் இந்த வாக்கியத்தைக் கேட்டு யாரும் பயப்படாமல் இருந்ததில்லை.

வியாழக்கிழமை காலை அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நேத்து டவுணுக்குப் போனியளா சார்?"

"போனேன்."

"எந்த ஊரு, என்ன உத்தியோகம்னு சொன்னியளா?"

யோசித்துப் பார்த்தேன். கல்லூரி என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. போலீஸ்காரர் மஃப்டியில் போனால் தன்னை யார் என்று சொல்வதில்லை. போன இடத்தில் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

தோசைக்காரரின் மனைவி காலையில் போனில் அழுததை வைத்து அக்கா மீதியைச் சொன்னார். தோசைக்காரர் மண்டியில் கூட வேலை பார்த்தவருடைய கல்யாணத்துக்காக ஸ்ரீவைகுண்டம் போயிருந்தார். வீட்டுக்கு போலீஸ் வந்ததாக மாப்பிள்ளை வீட்டுப் போனில் தகவல் எட்டியதும், பந்தியிலிருந்து எழுந்து கொற்கையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். தேரோட்டத்தின்போது மூட்டை ஏற்றிய கைவண்டி இடித்து, போலீஸ் வைத்திருந்த இரும்புத் தடுப்பு ஒன்று கவிழ்ந்திருக்கிறது. அவர் நிமிர்த்தி வைக்காமல் வண்டியோடு ஓடியிருக்கிறார். அந்தத் தடுப்புக்காகத்தான் இத்தனை மாதம் கழித்து ஆள் வந்திருப்பதாக முடிவு கட்டிவிட்டார்.

"வந்தது நம்ம பிரின்சிபால்தான்னு சொல்லியாச்சு சார். அவன் பொண்டாட்டி நம்ப மாட்டேங்கா. 'போலீசை எனக்குத் தெரியாதாக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்'னு போனை வச்சிட்டா."

நான் பைக் சாவியை எடுத்தேன்.

"எங்கன கிளம்புதிய?"

"கொற்கைக்கு."

"நீங்க வாறியன்னு தெரிஞ்சா அவன் கடலுக்குள்ள இறங்கிருவான்."

கொற்கை துறைமுகமாக இருந்ததெல்லாம் பாண்டியர் காலத்தில், இப்போது அங்கே கடல் கிடையாது, சில மைல் தள்ளிப் போய்விட்டது என்றேன்.

"தேடிப் போய் இறங்குவான் சார். பைய உக்காருங்க" என்றார் அக்கா.

உட்கார்ந்தேன். ஒரு ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ வழி தெரியும். எந்த வழியில் போனாலும் இந்த ஆள் இன்னும் தூரம்தான் போவார். அன்று முழுக்க நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அவருடைய பெயரை வெள்ளிக்கிழமை வரிசையில் கடைசியாகப் போடச் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை இன்ஜினீயர் வந்துவிட்டார். ஒவ்வொருவராகச் செம்புக் குழாயை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளுக்கு முந்தியவர் கையில் குழாய் இருந்தபோது, வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் கறுப்புக் கோட்டு அணிந்த வக்கீல். அடுத்து மாமனார், அப்புறம் மனைவி. கடைசியாகத் தோசைக்காரர் புது வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பைக்குள் ஒரு லுங்கி, ஒரு துண்டு, சோப்பு, பல்பொடி இருந்ததை அப்புறம் பார்த்தேன். பாளையங்கோட்டைச் சிறைக்குப் போகிறவர்கள் எடுத்துப் போகும் அதே சாமான்கள்.

வக்கீல் என் அறைக்குள் வந்து தொண்டையைச் செருமினார். "தேடி வந்த அதிகாரி இந்தக் காலேஜுலதான் இருக்காருன்னு ஆபீசுலேர்ந்து போன்ல சொன்னாவ. என் கட்சிக்காரர் தாமாவே முன்வந்து ஆஜராகுதார். மேல கை வைக்கக் கூடாது. எதுவானாலும் என் முன்னாலதான் கேக்கணும்."

தோசைக்காரர் வக்கீலின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சார், நீங்களா?" என்றார். மனைவி பக்கம் திரும்பி, "ஏட்டி, இது எங்க பிரின்சிபாலுல்லா!" என்று கத்தினார்.

"அப்ப ஏன் ஷூ அப்படி இருக்கு?" என்றார் மனைவி.

விளக்கம் சொல்ல நேரமில்லை. "இன்ஜினீயர் கிளம்பப் போறார். பட்டறைக்கு ஓடுங்க" என்றேன். அவர் இரண்டடி ஓடி, நின்று, வேட்டியைக் குனிந்து பார்த்தார். வேட்டியோடு யாரையும் நெருப்புக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள்.

"பீரோவுல சாரோட பழைய காக்கி பேன்ட் கிடக்கு" என்றார் அக்கா.

பேன்ட்டைக் கையில் வாங்கிய தோசைக்காரர் தயங்கினார். "இதைப் போட்டா அது தனிக் கேசு ஆயிராதா சார்?"

"ஆள்மாறாட்டம். அதுக்குச் செக்ஷன் இருக்கு" என்றார் வக்கீல், பழக்கதோஷத்தில்.

"காக்கிச் சட்டை போடாட்டி ஒண்ணுமில்ல. போலே, போ!" என்று மாமனார் முதுகில் ஒன்று வைத்தார். அந்த முதுகிலா வைப்பது என்று மனைவி சண்டைக்குப் போனார்.

இன்ஜினீயர் பையை மூடியிருந்தார். நான் அவர் அருகில் போய், ஒருவர் பாக்கி இருக்கிறார், கொற்கையிலிருந்து வருகிறார் என்றேன். அவர் பட்டறை வாசலைப் பார்த்தார். அங்கே வக்கீல், மாமனார், மனைவி, தையல் பிரிவு மொத்தமும் கூடி நின்றார்கள். "இவ்வளவு பேரும் ஒருத்தருக்கா?" என்று கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

தோசைக்காரர் குழாயை வெட்டினார். அவசரத்தில் முதல் வெட்டு கோணிப்போனது. யாரும் சொல்லாமலே அதை ஒதுக்கிவிட்டு இன்னொரு துண்டை எடுத்தார். இரண்டாவது நேராக வந்தது. இணைப்பைப் பற்றவைத்து, காற்றை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவினார். ஒரு குமிழிகூட எழவில்லை. இன்ஜினீயர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வாசலில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் கூடவே குனிந்தார்கள். எந்த அணிவகுப்பிலும் நான் அப்படி ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்ததில்லை.

"கோணின துண்டை ஏன் பயன்படுத்தலை?" என்று இன்ஜினீயர் கேட்டார்.

"கசியும் சார்."

"திங்கட்கிழமை வந்து சேருங்க. எங்க வேலையில மூட்டை தூக்குறது கிடையாது, ஏணி ஏறணும். முடியுமா?"

"ஏறிருவேன் சார்" என்றார் தோசைக்காரர். அதைச் சொல்லும்போதே ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டார். மனைவி வாசலிலிருந்து, "அவிய நல்லா ஏறுவாவ சார்" என்றார்.

வக்கீல் என்னைத் தனியாக அழைத்து, அந்த இரும்புத் தடுப்பு விஷயம் என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு எந்தத் தடுப்பும் தெரியாது என்றேன். அவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே டீ கிடைக்கும் என்று அக்காவிடம் விசாரிக்கப் போனார்.

எல்லோரும் ஆட்டோவில் ஏறிய பிறகு தோசைக்காரரின் மனைவி மட்டும் இறங்கித் திரும்பி வந்தார்.

"சார், இனிமே அவிய படிச்ச இடத்துலேர்ந்து ஏதாச்சும் சொல்லணும்னா நீங்க வீட்டுக்கு வராதிய. போன் போடுங்க."

"அவர் போன்தான் எப்பவும் அணைஞ்சு கிடக்கே?"

"அவிய நம்பருக்கு ஏன் போடுதிய? என் நம்பரை எழுதிக்கிடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பேனாவைத் தேடினேன்.