என் தலையில் இறங்கிய வேண்டுதல்கள்

ஐம்பதுகளில், பண்ணைக்காட்டில், எங்கள் வீட்டில் பக்திக்குக் குறைவே இல்லை. குறைவாக இருந்தது என் தலைமுடிதான். காப்பிச் செடிக்கு நேரத்தில் மழை பெய்தால் பழனியில் எனக்கு மொட்டை என்று அப்பா வேண்டிக்கொள்வார். பெய்துவிடும். சித்தப்பாவுக்குப் பெண் அமைந்ததற்கு ஒரு மொட்டை, காணாமல் போன எருமை திரும்பி வந்ததற்கு இன்னொன்று. பெண்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. நான் சடையில் பூ வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"உங்க முடியக் குடுத்தா சாமி வேணாங்குமாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு நாலு எடத்துக்குப் போற சோலி இருக்கு. சின்னப்புள்ள முடின்னாத்தான் முருகனுக்கு இஷ்டம்."

முருகன் அதை அவரிடம் எப்போது சொன்னார் என்று கேட்டதற்குக் குட்டு விழுந்தது. மொட்டைத் தலையில் குட்டு நன்றாகவே இறங்கும்.

ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் நானும் மனமுருகி வேண்டிக்கொண்டேன். பாஸாகிவிட்டேன். அடுத்த மொட்டைக்குப் பழனியில் உட்கார்த்தி வைத்தபோது எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்: "நான் பாஸானா அப்பாவுக்கு மொட்டைன்னு நேந்திருக்கேன்."

முடியிறக்குபவர் கத்தியை நிறுத்திவிட்டு அப்பாவின் கிராப்பை ஆசையாகப் பார்த்தார்.

"சின்னப்புள்ள வேண்டுறது சாமி காதுல ஏறாது. நீங்க வெரசா சோலியப் பாருங்க" என்றார் அப்பா.

முடி என்றால் சின்னப்பிள்ளை இஷ்டம், வாயைத் திறந்தால் மட்டும் காது கேட்காது. வசதியான சாமிதான்.

ஆனால் அப்பாவுக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருக்க வேண்டும். என் வாய்த்துடுக்கை முருகன் மன்னிக்கவேண்டும் என்று அங்கேயே கைகூப்பி ஒரு புது வேண்டுதல் வைத்தார்.

அடுத்த வருஷம் அதற்கும் மொட்டை போட்டார்கள். எனக்குத்தான்.