கூம்பை நிறுத்திய கை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். இத்தனை வருடத்தில் மைக்கில் நான் பேசியது ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ மட்டும்தான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

1. மகளிர் குழு ஆண்டு விழா

ராஜபாளையத்தில் ஒரு தெரு. மேடை முன்னால் இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், தெருக்கோடியில் தாசன் அண்ணாச்சியின் வீட்டோடு சேர்ந்த டீக்கடை மேல் ஒரு கூம்பு ஸ்பீக்கர். பாக்ஸுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர், கூம்புக்குத் தனியாக ஒன்று. பேச வந்தவர் எஸ்தர் சிஸ்டர், ரிட்டயர்டு நர்ஸ். அவர் மகளைத் தாசன் அண்ணாச்சியின் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது.

சிஸ்டர் மைக்கைப் பிடித்ததும் சொன்னார்:

“இந்தத் தெருவுக்கு யாரும் பொண்ணு குடுக்காதீங்க.”

முன்வரிசையில் நின்ற ஆண்கள் கத்த ஆரம்பித்தார்கள்.

“என்ன பேச்சு பேசுதாவ!”

“ஏலே மைக்செட்டு, ஆஃப் பண்ணுலே!”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் தகராறு வந்தால் முதலில் கூம்பை நிறுத்துவோம். சண்டை மேடையோடு போகும், தெருக்கோடிக்குப் போகாது. நானும் அதைத்தான் செய்தேன். பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டரும் பேசிக்கொண்டே இருந்தார்.

“நான் குடுத்துட்டேன். ரெண்டு வருசமாப் பாக்கேன். குழாயடியில அம்புட்டு பொம்பளைக நிக்க, கொடத்தோட வரிசையில நிக்க ஒரே ஆம்பள எம் மருமகன்தான். மத்த ஆம்பளைகளும் வந்து நில்லுங்க. பொறவு நானே பொண்ணு பாத்துத் தாரேன்.”

பெண்கள் கை தட்டினார்கள். ஆண்கள் இன்னும் கத்தினார்கள். சிலர் சிரித்தார்கள்.

தெருக்கோடிக்குப் போனது முதல் வரி மட்டும். தாசன் அண்ணாச்சி டீ ஆற்றிய டம்ளரோடு மேடைக்கு வந்தார்.

“எம் வீட்டுல பொண்ணக் குடுத்துட்டு, குடுக்காதன்னு மைக்குல சொல்லுதியளா சம்பந்தியம்மா? இனிமே எம் வாசல மிதிக்கப்பிடாது.”

“முழுசாக் கேட்டியளா அண்ணாச்சி?”

“எங் காது நல்லாத்தான் இருக்கு.”

சிஸ்டரின் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். நான் வயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

2. கடைக்கு வந்த சிஸ்டர்

நாலாம் நாள் சிஸ்டர் என் கடைக்கு வந்தார்.

“மகளப் பாக்கப் போனேன். கதவத் தெறக்கல. பாதியில கூம்பு நின்னுருச்சின்னு தெருவுல சொன்னாக. வயர் போயிருச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வயரைக் குறை சொல்லி நாங்கள் தப்பித்த கூட்டங்கள் நிறைய.

“வயர் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். நான்தான் நிறுத்துனேன்.”

“எதுக்கு?”

“சத்தம் போட்டாக. பயந்துட்டேன்.”

“சத்தம் போட்டது என்னயத்தான? நானே பயப்படலயே. அவுக கத்தட்டும், நானும் பதில் சொல்லிக்கிடுவேன். நீங்க நிறுத்துனதுக்கு நான் யாருகிட்டப் போயிப் பதில் சொல்ல?”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவுக்கு வரச் சொன்னேன்.

3. டீக்கடை வாசல்

மொபெட்டில் ஆம்ப்ளிஃபையரும் கூம்பும் இரண்டு மைக்கும் கொண்டுபோனேன். தாசன் அண்ணாச்சியிடம் நேரில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. கூம்பை அதே இடத்தில் கட்டி, ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொண்டு மைக்கில் சொன்னேன்:

“ஹலோ, ஒன், டூ, த்ரீ. அன்னைக்கு இந்தக் கூம்ப நிறுத்துனது நான்தான். சிஸ்டர் பேச்சுல பாதிதான் இங்க வந்துச்சு. மீதிய இப்பக் கேளுங்க.”

தெருவே வந்துவிட்டது. சிஸ்டர் முதல் வரியிலிருந்து மறுபடி சொன்னார். ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

முழுதும் கேட்டதில் தாசன் அண்ணாச்சியின் கோபம் கூடியது. “அப்பம் எம் மவனக் கொடம் தூக்க வச்சது ஒங்க மவதானா? அவன் வீட்டுல ஒரு டம்ளரக் கழுவுனதில்லயே!”

என் கை சுவிட்சுக்குப் போனது. கையைப் பின்னால் இழுத்து, இரண்டாவது மைக்கை அவரிடம் நீட்டினேன்.

பத்து நிமிடம் சிஸ்டரைத் திட்டினார். தெரு சிரித்தது. சிஸ்டர் பதில் சொன்னார். அதற்கு இவர் ஒரு பதில். தொண்டை கட்டியதும் மைக்கை என்னிடம் தந்துவிட்டு, “உள்ள போயி மவளப் பாருங்க. ஆனா நீங்க பேசுனது தப்புதான்” என்றார்.

“தப்பாவே இருக்கட்டும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் உள்ளே போனார்.

ஊர் கத்தினால் பேச முடியாமல் போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆண்டு விழா அன்று அத்தனை பேர் கத்தியும் சிஸ்டர் பேச்சு நிற்கவில்லை. நின்றது நான் நிறுத்திய இடத்தில்தான்.

இப்போது எல்லாக் கூட்டத்துக்கும் ஒரு மைக் கூடுதலாகக் கொண்டுபோகிறேன். யாராவது ‘ஆஃப் பண்ணு’ என்றால் அதை அவரிடம் நீட்டுவேன். நீட்டியதும் பாதிப் பேர் பேச்சு வராமல் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் அந்தப் பாதியில் ஒருவன்தான்.